கேட்டாச்சு என்று சொல்ல நின்றவர்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களை நான் சாட்சிகளாக அழைக்கிறேன். எம் தந்தையாரின் முதலாம் ஆண்டு நினைவுக்காக இன்று காலை நீங்கள் சின்ன ஆற்றைத் தோணியில் கடந்து எங்கள் தீவுக்கு வந்தீர்கள். மாலையில் அதே தோணியில் திரும்பிப் போவீர்கள். அக்கரை மண்ணில் கால் வைத்ததும், "சத்தம் குடுங்க" என்பார் தோணி வலிக்கும் செல்லையா மாமா. வெட்கப்படாமல் குரல் கொடுங்கள். வந்த திசை நோக்கி, "சேந்தாச்சேய்!" என்று உரக்கச் சொல்லுங்கள். இக்கரையிலிருந்து "கேட்டாச்சேய்!" என்று பதில் வரும்வரை சாலைக்கு ஏறிவிடாதீர்கள். எம் தந்தையாரின் வாழ்வும் முடிவும் இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில் இருக்கின்றன. அதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

மேடைப் பேச்சில் பழகியவன் நான். மாவட்டம் விட்டு மாவட்டம் சென்று பரிசு வாங்கி வந்தவன். மறைந்த ஒருவரைப் பற்றிப் பேச எழுந்தால் வீரம், தீரம், அஞ்சாமை என்று மூன்று சொற்களை முதலில் அடுக்குவது மேடையின் வழக்கம். இங்கே அவற்றை அடுக்க மாட்டேன். எம் தந்தையார் அஞ்சினார். வாழ்ந்த நாளெல்லாம் அஞ்சினார். மேகம் கறுத்தால் அஞ்சினார். பேருந்து தாமதித்தால் அஞ்சினார். ஆற்றின் நிறம் மாறினால் உணவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அந்த அச்சம் என்ன பொருளுடையது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வெள்ளம் தேவைப்பட்டது.

எங்கள் ஊருக்கு நடுத்திட்டு என்று பெயர். தாமிரவருணி இங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஓடுவதைப் பெரிய ஆறு என்றும், தெற்கே ஓடுவதைச் சின்ன ஆறு என்றும் சொல்வோம். கிழக்கே இரண்டும் மீண்டும் சேரும் இடம்வரை உள்ள மண்தான் எங்கள் ஊர். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னையும் எங்கள் பிழைப்பு. பாலம் கிடையாது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை அக்கரைப் புளியமரத்தடியில் பூட்டிவைத்துவிட்டு வருவார்கள். வாழைத்தார் தோணியில் போகும். மணப்பெண் தோணியில் வருவாள். காய்ச்சல்காரரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், அக்கரையில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.

தந்தையார் இவ்வூரிலேயே, பெரிய ஆற்றை ஒட்டியிருந்த மேலவீட்டில் பிறந்தார். அந்த வீடு இன்று இல்லை. அது நின்ற மண்ணும் இல்லை. எங்கள் தீவு மேற்கே கரையும். கிழக்கே மணலாய்ச் சேரும். பட்டாவில் எங்கள் பெயரில் உள்ள மேலத்துண்டு, தந்தையார் இளைஞராய் இருந்தபோதே ஆற்றுக்குள் போய்விட்டது. இருந்தும் அதற்கு அவர் ஆண்டுதோறும் நிலத்தீர்வை கட்டினார். ஒருமுறை நானும் அவருடன் போயிருந்தேன். ரசீது போட்டவர் கேட்டார்:

"அண்ணாச்சி, தண்ணிக்கு எதுக்குவே தீர்வை கெட்டுதீரு?"

"ஆறு நாளைக்கு அதத் திருப்பிக் குடுத்துட்டுன்னா? அப்பம் கேட்டு வாங்க நம்ம பேரு இருக்கணும்லா."

"அப்பம் அங்கன மேயுத மீனுக்கும் சேத்துக் கெட்டிட்டுப் போரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தந்தையாரும் சிரித்தார். ஆனால் ரசீதைச் சட்டைப்பைக்குள் வைத்து, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் வீடு வந்தார்.

அந்த அச்சம் எங்கே பிறந்தது என்பதை உறவினர்கள் அறிவீர்கள், நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தந்தையாருக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பாராத என் சித்தப்பா. அவர் ஏரல் சந்தைக்கு வெற்றிலைக்கட்டுடன் தோணியில் போனார். குரல் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் அதற்கும் முற்பட்டது. அன்று அக்கரையிலிருந்து குரல் வரவில்லை. மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று குரலைக் கொண்டுபோயிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள். துறைக்குப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஆறுகள் சேரும் இடத்தில் வெற்றிலைக்கட்டு மட்டும் கரை ஒதுங்கியது. சித்தப்பாவை ஆறு அதற்கும் அப்பால் கொண்டுபோயிருந்தது.

அன்று தொடங்கித் தந்தையார் துறைக்காரர் ஆனார். அவரை யாரும் நியமிக்கவில்லை. அது கூலிக்குச் செய்யும் வேலையும் அன்று. எவர் வீட்டார் ஆற்றைக் கடந்தாலும், துறையில் நிற்கும் மருதமரத்தின் கீழ் தந்தையார் நிற்பார். தோணி அக்கரை சேர்ந்து குரல் வரும்வரை நிற்பார். குரல் வந்ததும், "கேட்டாச்சேய்!" என்று பதில் கொடுத்துவிட்டுத்தான் வாய்க்காலுக்கோ கொடிக்காலுக்கோ திரும்புவார். இரண்டு தோணிகள் போவதாயிருந்தால், முதல் தோணியின் குரல் கேட்ட பிறகே இரண்டாவதை அவிழ்க்க விடுவார். அது அவர் உண்டாக்கிய விதி. அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் கயிற்றைப் பிடித்தபடியே நிற்பார்.

"இந்த மனுசனுக்குச் சோறு ஆறுனாத்தான் ருசி" என்பார் அம்மா. "ஊருல எவ எங்க போனாலும் எம் புருசந்தான் துறையில நிக்கணும். நானும் ஒருநா அக்கரைக்குப் போயிச் சத்தமே குடுக்காம இருக்கப்போறேன். அப்பயாவது என்னத் தேடுதாரான்னு பாப்போம்."

"அப்படிச் செஞ்சிராத தாயி" என்பார் தந்தையார். விளையாட்டுக்குச் சொன்னதற்கும் அவர் முகம் வெளுக்கும். அம்மா உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

கைபேசி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று எங்கள் இளைஞர்கள் கேட்டார்கள். என் பெரியப்பா மகன் முருகன் அண்ணன் ஒருநாள் அக்கரைக்குப் போனவர், துறையில் நின்ற தந்தையாரைக் கைபேசியில் அழைத்து, "சேந்துட்டேன் சித்தப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். தந்தையார் கொஞ்சநேரம் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார்.

"ஏலே, துடுப்புச் சத்தம் கேக்குதே. எங்கன இருந்து பேசுத?"

முருகன் அண்ணன் அப்போது நட்டாற்றில் இருந்தார். அன்று அவர் திரும்பி வந்தபோது துறையில் நின்றவர்கள் எல்லோரும், "சேந்துட்டீரா வே, சேந்துட்டீரா?" என்று கேட்டுக் கேட்டே அவரை வீடுவரை துரத்தினார்கள். "போன்ல சொல்லுதது கணக்கில்ல. கரையில நின்னு சொன்னாத்தான் சேந்தது" என்று தந்தையார் முடிவாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அது ஊரின் முடிவாகவும் ஆனது.

என் குரல் அந்த ஆற்றில் வளர்ந்தது. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அக்கரையில் நின்று கத்தியவன் நான். ஒலிபெருக்கி பழுதான ஒரு போட்டியில், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு பேசி முதற்பரிசு வாங்கினேன். துணிவே வாழ்வை வெல்லும் என்பது தலைப்பு. அச்சமுடையோரை அன்று நான் மிகக் கடுமையாகத் தாக்கினேன், அரங்கம் ஆர்ப்பரித்தது. கோப்பையோடு திருநெல்வேலி டவுணிலிருந்து புறப்பட்டு ஊர் வந்து சேர்ந்தபோது, மருதமரத்தடியில் தந்தையார் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த பஸ்சுல வந்த? கூட்டமா? படியிலயா நின்ன?"

கோப்பையை நீட்டினேன். வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டார். "இதையும் தூக்கிக்கிட்டுப் படியில நின்னா எந்தக் கையால கம்பியப் பிடிப்ப?" என்றார். அதுதான் அவர் எனக்கு அளித்த பாராட்டுரை. அன்று அது போதாது என்று நினைத்தேன். இன்று அதைவிடப் பெரிய பாராட்டுரை எனக்கு நினைவில் இல்லை.

தம் அச்சத்தின் பேரிலேயே அக்கரையில் ஒரு மனை வாங்கிப் போட்டார். மேட்டு நிலம். வாழை போட்டுச் சேர்த்தது முழுவதும் அதில் இறங்கியது. "மழைக்காலத்துக்கு ஒதுங்க ஒரு எடம் வேணும்லா" என்றார். ஆனால் எந்த மழைக்காலத்திலும் அவர் அங்கே ஒதுங்கவில்லை. அவர் ஒதுங்கினால் துறையில் நிற்பது யார்? தீவை விட்டுப் போகவும் அவருக்கு அச்சம். தீவில் இருக்கவும் அச்சம். இரண்டுக்கும் நடுவில் அந்த மருதமரத்தடியில் நின்றே வாழ்ந்துவிட்டார்.

இனி அந்த மார்கழி மழைக்கு வருகிறேன். எழுதும் இந்த நேரத்திலும் எழுந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மேலே அணைகளில் தண்ணீர் திறக்கப்படுவதாகச் செய்தி வந்தது. காலையில் பெரிய ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு வந்தது. அமலைச்செடிகள் என்னும் ஆகாயத்தாமரைகள் திட்டுத்திட்டாக வந்தன. அவற்றுக்குப் பின்னால் வேரோடு பெயர்ந்த வாழைகள் வந்தன. அவற்றுக்கும் பின்னால் எவர் வீட்டுக் கூரையோ வந்தது. ஊரைக் காலி செய்வதென்று முடிவாயிற்று. இருந்தவை இரண்டு தோணிகள். ஒன்றைச் செல்லையா மாமாவும் மற்றொன்றை முருகன் அண்ணனும் வலித்தார்கள். குழந்தைகள், முதியவர்கள், ஆடுகள் என்று நடைக்கு நடை போயினர். ஒவ்வொரு நடையின் முடிவிலும் அக்கரையிலிருந்து குரல் வந்தது. தந்தையார் முழங்கால் தண்ணீரில் நின்று பதில் கொடுத்தார். கைபேசிகள் அதற்குள் செத்துவிட்டன. கைபேசிக் கோபுரம் எதிலும் மின்சாரம் இல்லை.

நண்பகலுக்குப் பிறகு ஆற்றின் ஓசை மாறியது. அதுவரை இரைச்சலாக இருந்தது உறுமலாயிற்று. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் காதருகே வாய் வைக்க வேண்டியிருந்தது. எஞ்சியவர்கள் இரண்டு தோணிகளுக்கான ஆட்கள். முதல் தோணியில் அம்மாவும், பேறுகாலத்துக்கு வீடு வந்திருந்த என் தங்கையும், நானும், இன்னும் சிலரும் ஏறினோம். இரண்டாவது தோணியில் முருகன் அண்ணனும் மற்றவர்களும் தந்தையாரும் வருவதாக ஏற்பாடு.

"ஏட்டி, பலகையப் பிடிச்சுக்கோ. பைய உக்காரு. எந்திரிக்கப்பிடாது" என்று தங்கையிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ சத்தம் குடு. ஒஞ்சத்தந்தான் கேக்கும்" என்றார்.

அவர் என்னிடம் பெருமையாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

சின்ன ஆறு அன்று சின்ன ஆறாக இல்லை. அக்கரைத் துறை தண்ணீருக்குள் போய்விட்டது. புளியமரத்தின் தலை மட்டும் தெரிந்தது. நீரோட்டம் எங்கள் தோணியைத் திருப்பிக் கிழக்கே இழுத்தது. செல்லையா மாமா துடுப்பை விட்டுவிட்டு மூங்கில் கழியால் தள்ளினார். தங்கை கண்களை மூடிக்கொண்டு அம்மாவின் மடியில் முகம் புதைத்தாள். அம்மாவின் உதடுகள் அசைந்தன. எந்தத் தெய்வத்தின் பெயர் என்று கேட்கவில்லை. நான் என்ன செய்தேன்? இரண்டு கைகளாலும் பலகையைப் பற்றிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அச்சத்தை நான் அறிந்ததில்லை. கடைசியில் வழக்கமான துறைக்கு வெகுதூரம் கிழக்கே, ஒரு தென்னந்தோப்பின் கரையில் தோணி முட்டி நின்றது. இறங்கினோம்.

இறங்கியதும் கத்தினேன். "சேந்தாச்சேய்!"

பதில் இல்லை. மீண்டும் கத்தினேன். கைகளைக் குவித்துக் கத்தினேன். செல்லையா மாமா கத்தினார், அம்மா கத்தினார். மேற்கே கரையோரமாக ஓடிப்போய்க் கத்தலாம் என்றால் இடையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வழியை அறுத்துவிட்டது. மண்டபங்களை நிறைத்த என் குரல் அந்தத் தண்ணீரின் மேல் பத்து முழம்கூடப் போகவில்லை. என் வாயிலிருந்து வெளிவந்ததை என் காதே கேட்கவில்லை.

அந்நேரம் தீவுத் துறையில் நடந்ததை முருகன் அண்ணன் பிறகு சொல்லித்தான் அறிந்தோம். தோணி நிறைய ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தந்தையார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"சித்தப்பா, ஏறுங்க. இதுக்கு மேல நின்னா மரமே சாஞ்சிரும்."

"சத்தம் கேக்கலியேலே."

"இந்த எரைச்சல்ல எப்படிக் கேக்கும்? அவங்க சேந்திருப்பாங்க. வாங்க, போயிப் பாத்துக்கிடலாம்."

"அன்னைக்கும் இப்படித்தாம்லே சொன்னாங்க. காத்துல கேட்டிருக்காதுன்னாங்க."

முருகன் அண்ணன் இறங்கிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். தந்தையார் மருதமரத்தைக் கட்டிக்கொண்டார். தோணியிலிருந்த பிள்ளைகள் அழத் தொடங்கின.

"பிள்ளத்தாச்சி போயிருக்கா. சத்தம் கேக்காம நான் எப்படி வாரது? ஒரு ஆளு நிக்கணும்லா. நீ இவங்களக் கொண்டுபோயிச் சேத்துட்டுச் சத்தம் குடு."

"அப்பம் நீங்க எதுல வருவீங்க?"

தந்தையார் கயிற்றை அவிழ்த்துத் தோணிக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தோணியைத் தள்ளிவிட்டாராம். அவருடைய பற்கள் அடித்துக்கொண்டிருந்தனவாம்.

குரல் கேட்காமல் கடைசித் தோணியில் ஏறுவது என்பது எங்கள் துறையில் நிற்பவருக்கு எளிதில் வராது. வேறு ஊரார் இதைப் பிழை என்பார்கள். பிழைதான். ஆற்றின் ஓசை மனிதக் குரலை விழுங்கும் நாளிலும் குரலுக்காகக் காத்து நின்றது பிழைதான். ஆனால் அந்தப் பிழையைச் செய்தவர் உள்ளத்தில் அப்போது என்ன இருந்தது? தம் உயிரா? தோணியில் போன எங்கள் உயிர்களா? தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.

இரண்டாவது தோணி எங்களுக்குச் சற்று மேற்கே கரை சேர்ந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். கடைசியாக முருகன் அண்ணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அப்பா எங்க?" என்றாள் தங்கை.

முருகன் அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

தோணியைத் திருப்பி விடச் செல்லையா மாமா இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் ஆறு அவரைக் கரைக்கே எறிந்தது. இருட்டிவிட்டது. அந்த இரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தவர்கள் அதை அறிவார்கள்.

மறுநாள் கடற்கரை ஊரிலிருந்து மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களுள் சேவியர் அண்ணன் எங்கள் தோப்பருகே படகை இறக்கினார். நான் ஓடிப்போய், தந்தையார் தீவில் இருக்கிறார் என்றேன்.

"எடம் தெரியுமா?"

"துறை மருதமரம்."

"தம்பி, அங்கன ஒரே தண்ணியாக் கெடக்கு. மருதமெது தென்னையெதுன்னு எனக்கென்ன தெரியும்? ஏறு. ஏறி வழி சொல்லு."

ஏறினேன். எஞ்சின் வைத்த படகு. கடலில் பழகிய கைகள். ஆயினும் பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை நான். நேற்றைய ஆறு என் எலும்புக்குள் இருந்தது. தீவை நெருங்கியபோது எனக்கே ஊர் அடையாளம் தெரியவில்லை. கொடிக்கால் இல்லை. மேலத்தெரு இல்லை. மரத்தலைகள் மட்டும் அங்கங்கே நீருக்கு மேல் நின்றன. மழைத்திரையில் எது எங்கள் மரம் என்று தெரியவில்லை. சேவியர் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

"கூப்பிடு தம்பி."

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்? கூப்பிடாதவரை அவர் இருக்கிறார். கூப்பிட்ட பிறகு?

"என்ன தம்பி, பேச்சாளருன்னு சொன்னாக. இங்க மைக்கு இல்லன்னு பாக்கியளோ?" என்றார் அவர். பிறகு தோளில் கை வைத்துத் தணிந்த குரலில், "எனக்கும் பயந்தாம்யா. மாதாவ நெனச்சுக் கூப்பிடு" என்றார்.

அப்பா என்று கூப்பிட நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"சேந்தாச்சேய்!"

தண்ணீர் ஓடியது. பிறகு இடதுபக்கம், நாங்கள் தாண்டி வந்துவிட்ட ஒரு மரத்திலிருந்து, கிழிந்த துணி போன்ற ஒரு குரல் வந்தது.

"கேட்டாச்சேய்..."

மருதமரத்தின் கவையில் வேட்டியால் தம்மைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு மரத்தை ஒட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ள கரை சேந்துட்டாளா?"

"சேந்துட்டாப்பா. எல்லாரும் சேந்தாச்சு."

"நேத்தே சத்தம் குடுத்தியா?"

"குடுத்தேம்ப்பா."

"எனக்குக் கேக்கலடே" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அக்கரையில் இறக்கினோம். நிற்க முடியாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு தீவின் பக்கம் திரும்பினார். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "சேந்தாச்சேய்!" என்றார். பிறகு காத்திருந்தார். தீவில் ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கடைசி ஆள் அவர்தான். ஆயினும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். ஆம்புலன்ஸுக்கு அழைத்தோம், அசையவில்லை. "இருடே, பதில் வரட்டும்" என்றார். அவர் உடம்பு முழுதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா வந்து அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

மழையிலும் நீரிலும் ஊறிய நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றியது. மருத்துவர்களும் செவிலியர்களும் தம் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்த நிலையில் ஓயாது பார்த்தார்கள். தேறி வருவது போலவே இருந்தது, பிறகு தேறவில்லை. ஒரு மாலையில் நான் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார்:

"மரத்துல இருந்தப்பம் பயமாத்தாண்டே இருந்துச்சு. ஆனா அது பழகுன பயம். கரையில நின்னு சத்தம் குடுத்தேம் பாரு, ஒருத்தரும் பதில் சொல்லல. அது புதுப்பயமா இருக்கு."

"தீவுல ஆளே இல்லையேப்பா."

"தெரியும்டே. இருந்தாலும் கேக்க ஆளில்லாத கரையப் பாத்ததில்ல."

தை பிறந்து சில நாட்களில் மறைந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை, துறை சீராகவில்லை. அக்கரை மயானத்திலேயே தீமூட்டினோம். அவர் நடுத்திட்டுக்குத் திரும்பவே இல்லை.

அவர் வாழ்வின் துணையாய் நின்றவர்களுக்கு நன்றி சொல்லும் கடமை எனக்கு உண்டு. சேவியர் அண்ணனுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் திரும்பிப் போன அவருடைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. செல்லையா மாமாவின் உள்ளங்கையில் அன்று உரிந்த தோல் மீண்டும் வளர்ந்திருக்கலாம். எங்கள் நன்றி தேயாது. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டுச் சோறும் துணியும் தந்த பக்கத்து ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, உங்களை வணங்குகிறோம். முருகன் அண்ணனுக்கு எல்லோர் முன்னிலையிலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அண்ணா, நீங்கள் விட்டுவிட்டு வரவில்லை. அவர் தள்ளிவிட்ட தோணியைக் கரை சேர்த்தீர்கள். அதிலிருந்த பிள்ளைகள் இன்று இந்த முற்றத்தில் ஓடுகின்றன. தலைகுனியாதீர்கள்.

எங்கள் நிலத்தில் பாதி மணல் மூடிக் கிடக்கிறது. ஆற்றுக்குள் போன மேலத்துண்டுக்கு இவ்வாண்டும் தீர்வை கட்டிவிட்டேன். தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தந்தையார் அச்சத்தால் வாங்கிய அக்கரை மனையில் அம்மாவின் விருப்பப்படி தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். இந்த மழைக்காலத்தில் ஆறு நிறம் மாறிய அன்றே ஊரார் அங்கே வந்து தங்கினார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது பதினாறாம் நாள் காரியத்தன்று தொடங்கியது.

அன்று ஊரில் காரியம் முடிந்து, அதற்குள் ஓரளவு சீராகியிருந்த துறையிலிருந்து வந்தவர்களெல்லாம் தோணியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்துக்குப் பின் அவ்வளவு பேர் ஆற்றைக் கடந்தது அன்றுதான். துறையில் யார் நிற்பது என்று ஒருவரும் பேசவில்லை. சாய்ந்தும் விழாமல் நின்ற மருதமரத்தடிக்கு என் கால்கள் என்னைக் கொண்டுபோயின. நீர் கணுக்காலைத் தொட்டபோது மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசித் தோணி அக்கரை சேர்வதைக் கண்ணால் பார்த்தேன். ஆயினும் குரல் வரும்வரை அஞ்சி நின்றேன். தந்தையார் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நின்றாரா?

"சேந்தாச்சேய்!" என்றது செல்லையா மாமாவின் குரல்.

"கேட்டாச்சேய்!" என்றேன்.

எனக்குப் பின்னால் ஊரார் வீடு திரும்ப எழுந்தார்கள். நான் நகரவில்லை. இன்னொரு குரல் அக்கரையில் பதிலின்றி நின்றுகொண்டிருந்தது. அதை நோக்கி, மேடைகளில் நான் ஒருநாளும் எழுப்பாத உரத்த குரலில், இரண்டாம் முறையும் "கேட்டாச்சேய்!" என்றேன். ஊரார் நின்றுவிட்டார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஆற்றைப் பார்த்து, அவர்கள் அனைவரும் கேட்கச் சொன்னேன்:

"அப்பா, ஒங்க சத்தம் கேட்டாச்சு. இனி ஆத்துச் சத்தம் நம்ம சத்தத்தவிடப் பெருசாகுததுக்கு முன்னாலயே ஊரு மொத்தமும் கரையேறிரும். நானே வீடு வீடா வந்து கூப்பிடுவேன். கடைசித் தோணியில துறையில நிக்குதவனும் ஏறுவான். கேக்குததுக்குன்னு ஒத்த ஆள இங்கன விட்டுட்டுப் போக மாட்டோம். நானும் நிக்க மாட்டேன். எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு."